ஜன்னல் போன தூரம்

கிளம்ப வேண்டிய நாளில் கிளம்ப முடியாமல் போன அந்தக் கேரவன், தை மாதம் ஐந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு, ஆண்டிக்காட்டில் செங்கோடன் வீட்டு முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் கல்லை முட்டுக் கொடுத்து நின்றது நின்றபடியே, கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் மனைவி மரகதத்தின் நோட்டில் முதல் நாளுக்கு எழுதியிருந்த ஊர் அதுதான். வண்டிக்குள் கட்டிலில் படுத்திருந்தவள் கையை நீட்டி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளியபோது, பக்கத்து வீட்டுப் பரிமளத்தின் தென்னை மரமும் துணி காயப்போடும் கொடியும் இருக்க வேண்டிய இடத்தில் பாறை பாறையாக மலையும், அதன் அடியில் மாந்தோப்பும், தோப்பை ஒட்டி ஹாரன் அடித்துக்கொண்டு போகும் லாரிகளும் இருந்தன.

"ஏனுங்க, கிருஷ்ணகிரி வந்திருச்சுங்க" என்றாள்.

செங்கோடன் காப்பித் தம்ளரோடு உள்ளே வந்து, குனிந்து எட்டிப் பார்த்து, "ஆமா. அந்த வளைவு தாண்டுனா டீ நல்லா இருக்கும்" என்றார். பிறகு தம்ளரை வைத்துவிட்டு இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெளியே தென்னை மரம் அதே இடத்தில்தான் இருந்தது. மறுபடி உள்ளே போனார். மாந்தோப்பும் அதே இடத்தில்தான் இருந்தது. இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

முப்பத்துநாலு வருஷம் லாரி ஓட்டியவர் அவர். மரகதமோ சேலத்தைத் தாண்டி ஒரு அடி வைத்தவளில்லை. அவர் வழியில் எங்கிருந்தாவது போன் செய்து "நாக்பூர் தாண்டிட்டேன்", "குவாலியர்ல லோடு எறக்கறேன்" என்று சொல்வார். அவள் அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு, பார்க்காத ஊர்களை வரிசை தப்பாமல் சொல்லக்கூடியவளாக ஆகிப்போனாள். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க என்று அவள் கேட்டபோதெல்லாம் அவர் அடுத்த வருஷம் என்றார். ஓய்வு பெற்ற பிறகும் அதையே சொன்னார்.

"ரோட்டுல என்ன புள்ள இருக்குது பாக்கறதுக்கு? முன்னால போற வண்டியோட பின்பக்கந்தான்."

"அந்தப் பின்பக்கத்தையே பாக்கறேனுங்க" என்றாள் அவள்.

அப்படி ஐந்து வருஷம் கேட்டு, கடைசியில் அவர் மசிந்து, லாரிக்குப் பாடி கட்டும் அர்த்தநாரியின் பட்டறையில் சொல்லி, ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற மாதிரி ஒரு கேரவன் கட்டச் சொன்னார். இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, மேலே தண்ணீர்த் தொட்டி, இடது பக்கம் அகலமான ஒரு ஜன்னல். "ஜன்னல்னா கம்பி இருக்கோணுமுங்க, ஊர் ஊராப் போற வண்டி" என்று அர்த்தநாரி கேட்காமலேயே நெருக்கமாகக் கம்பி வைத்துப் பற்றவைத்துவிட்டார். மரகதம் நாற்பத்தொரு பக்கத்துக்குத் திட்டம் எழுதினாள். நிற்கிற இடத்துக்கு ஒரு பக்கம். எங்கே தங்குவது, எங்கே தண்ணீர் பிடிப்பது, எந்தப் பாலத்தில் நிறுத்தி ஆற்றைப் பார்ப்பது. போலீஸ் விசாரணை மாதிரி அவரை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் காஷ்மீர், பனி என்று மட்டும் இருந்தது. திரும்பி வருவதற்கு அவள் எழுதவில்லை. அது உங்களுக்கே தெரியுமே என்றுவிட்டாள்.

மார்கழியில் முதுகு வலி என்று படுத்தாள். படமெடுத்துப் பார்த்த டாக்டர் செங்கோடனை மட்டும் தனியே அழைத்து, எலும்பெல்லாம் நோய் அரித்துவிட்டது, நாளும் அதிகமில்லை, இனிமேல் அந்தம்மா வண்டி ஏறவே கூடாது, ஒரே ஒரு வேகத்தடை போதும் முதுகெலும்பு நொறுங்குவதற்கு என்றார். ஆம்புலன்ஸ் ஆள் நடக்கும் வேகத்தில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தது. வாசலில் நின்ற கேரவனைப் பார்த்ததும் அவள், "என்னை அதுலயே படுக்க வெச்சிருங்க" என்றாள். நாலு பேர் பலகையோடு தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரக் கட்டிலில் இறக்கினார்கள்.

ஜன்னலில் முதலில் கிருஷ்ணகிரியைப் பார்த்த வெளியாள் பரிமளம். உப்பு கேட்க வந்தவள், எட்டிப் பார்த்து, "எங்க கொடித்துணி எங்கக்கா?" என்றாள். வெளியே ஓடிப் போய்ப் பார்த்து, துணி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மலையைப் பார்க்க வந்தாள்.

நாலாம் நாள் கர்நூலில் துங்கபத்திரை தெரிந்தபோது தெருவே வந்துவிட்டது. ஹைதராபாத்தில் நின்ற இரண்டு நாளும் ஜன்னல் வழியே வந்த வண்டிச் சத்தத்திலும் புகையிலும் ஆண்டிக்காட்டுப் பிள்ளைகளால் பாடம் படிக்க முடியவில்லை என்று புகார் வந்தது. மரகதம் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு, சாத்திய கண்ணாடி வழியே பார்த்தாள். மகளிர் குழுத் தலைவி சௌடம்மாள் ஒரு அட்டையில் எழுதி ஆளுக்குக் கால் மணி நேரம் என்று முறை வைத்தாள். கோதாவரிப் பாலத்தருகே நின்றபோது கோயில் கமிட்டிக்காரர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயைக் கொண்டுவந்து கம்பி வழியே இறக்கி, வாயால் உறிஞ்சி, இருபத்திரண்டு குடம் கோதாவரி பிடித்தார்கள். குழாயில் வந்த கோதாவரி அபிஷேகத்துக்கு ஆகுமா என்று ஒரு நாள் முழுக்கத் தகராறு நடந்து, கடைசியில் குடங்களில் பாதி சாமிக்கும் பாதி மரகதம் குளிப்பதற்கும் என்று முடிவானது. நாக்பூரில் செங்கோடன் தன் லாரிக்கார இந்தியில் பேரம் பேசிக் கம்பிக்கு வெளியே கை நீட்டி ஆரஞ்சு வாங்கினார். ரோட்டோரத்தில் ஒரு ஜன்னல் தனியாக நிற்பதைப் பற்றி அந்த ஆரஞ்சுக்காரனுக்கு ஒன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை. நசுக்கிப் பார்க்காதே என்று மட்டும் திட்டினான்.

வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி ஒருவரும் வந்தார். வேறு மாநிலத்துக்குள் போவதற்கு அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். சக்கரத்து முட்டுக்கல்லைக் காட்டினார்கள். ஜன்னலையும் காட்டினார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, 'வாகனம் நிற்கிறது, ஜன்னல் போகிறது, சட்டத்தில் வாகனத்துக்கு மட்டுமே இடம் உண்டு' என்று எழுதிக்கொண்டு, ஒரு ஆரஞ்சைத் தின்றுவிட்டுப் போனார்.

அதே தெரு சம்பூர்ணத்தின் மகன் போர்வெல் வண்டியோடு சிவனி பக்கம் வேலைக்குப் போய் மூன்று வருஷமாக ஊர் திரும்பவில்லை. ஜன்னல் சிவனிக்கு வருகிற தேதியை நோட்டில் பார்த்து அவள் மகனுக்குப் போனில் சொல்லி, முறை அட்டையை மதிக்காமல் காலையிலிருந்து மரகதத்தின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் அவன் சேறும் எண்ணெயுமாக ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். தாயும் மகனும் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் தடவிக்கொண்டு அழுதார்கள். மரகதம் வலியோடு காலை மடக்கிக்கொண்டு, "நல்லா உக்காரு சம்பூர்ணம்" என்றாள்.

தெரு இப்படிக் கலகலத்துக்கொண்டிருக்க, அவள் கட்டிலில் குறைந்துகொண்டே வந்தாள். பகலெல்லாம் செங்கோடன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பார்த்தார். ஆயிரம் தடவை போன ரோடு. இந்தத் தேக்கங்காடு இத்தனை நீளமா, இந்தக் குன்றின்மேல் ஒரு கோட்டை இருந்ததா, இந்தப் பெண்கள் தலைமேல் மூன்று குடம் வைத்தா நடக்கிறார்கள் என்று அவருக்கே எல்லாம் புதிதாக இருந்தது.

"இதையா ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க?" என்றாள் மரகதம். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குத்தான் தாங்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் காலை ஜன்னலில் கடுகு பூத்திருந்தது. ரோட்டிலிருந்து தொடங்கித் தூரத்து ரயில்வே கேட் வரைக்கும் மஞ்சள், வேறொன்றுமில்லை. ஆறில்லை, கோயிலில்லை, கடைகூட இல்லை. பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு வரப்பில் நடந்துபோனாள். பார்க்க வந்தவர்கள் இதென்ன ஊர் என்று கேட்டுவிட்டு, ஜான்சி வரும்போது வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

செங்கோடனுக்கு மட்டும் அந்த ரயில்வே கேட் தெரிந்திருந்தது. நோட்டை எடுத்துப் புரட்டினார். 'லலித்பூருக்கு முன்னால். ரயில்வே கேட். நாலு நாள்' என்று எழுதியிருந்தது. திட்டம் எழுதியபோது இந்தப் பக்கத்துக்கு மட்டும் அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே தை மாதம் அவருடைய லாரி அச்சு முறிந்து நின்ற இடம் அது. அச்சு வர நாலு நாள் ஆனது. பக்கத்தில் போன் இல்லை. அந்த நாலு நாளில் இரண்டாம் நாள், ஆண்டிக்காட்டில் அவர்களுடைய மூன்று வயது மகள் தேன்மொழி காய்ச்சலில் செத்துப்போனாள். அவர் ஜான்சிக்குப் போய்ப் போன் செய்தபோது குழந்தையைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேச்சும் இல்லை.

"இங்க எதுக்கு புள்ள நாலு நாள்?" என்றார்.

"நீங்க நின்ன எடத்தப் பாக்கோணுமுங்க. நான் அவளை மடியில போட்டுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க எதைப் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே."

அவர் ஜன்னலைக் காட்டினார். "இதத்தான்."

அவள் மூன்று நாளும் அதைத்தான் பார்த்தாள். சாப்பாடு இறங்கவில்லை, பார்வை மட்டும் அகலவில்லை. நாலாம் நாள் காலை, வெயில் ஏறிப் பூவெல்லாம் ஒரே பிரகாசமாக நின்றபோது, திரும்பாமலேயே கேட்டாள்:

"அப்பவும் இப்படித்தான் அழகா இருந்துச்சுங்களா?"

இருந்தது. அதுதான் அவர் முப்பது வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தது. மகள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் லாரி பானெட்டில் சாய்ந்துகொண்டு, இத்தனை மஞ்சளா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார், பீடி பிடித்தார், பாட்டுக்கூடப் பாடினார்.

"எளநி வெட்டிக்கிட்டு வர்றேன்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒரு இளநீர் வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் தோட்டத்துக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து, காயை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் உச்சிக்கு வருகிற வரைக்கும் இருந்தார். சீவி எடுத்துக்கொண்டு வந்து ஏறியபோது மரகதம் போயிருந்தாள். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வலது கை கம்பிகளுக்கு நடுவே முழங்கை வரை வெளியே நீண்டிருந்தது. அவர் மெல்ல அதை உள்ளே எடுத்தார். விரல்களில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. வெளியே, இருபது அடி தள்ளி, பச்சைச் சேலைக்காரி குழந்தையை இடுக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பார்த்ததும் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

காரியமெல்லாம் முடிந்தது. மறுநாள் ஜான்சி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஜன்னல் லலித்பூருக்கு முன்னால் நின்றுவிட்டது. பூ உதிர்ந்தது, காய் பிடித்தது, பச்சை வெளுத்தது. தெரு அதற்கும் பழகியது. அந்தப் பக்கத்துக் காற்றில் ஈரம் குறைவு என்று பெண்கள் வடகம் கொண்டுவந்து ஜன்னலடியில் காயவைத்தார்கள். மனசு சரியில்லாதவர்கள் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சௌடம்மாள் வண்டிக்கு மேல் தகரக் கூரை போடுவதைப் பற்றிப் பேசினாள்.

செங்கோடனை ஒரே கேள்வி பிடித்துக்கொண்டிருந்தது. மரகதம் எதற்குக் கையை நீட்டினாள்? தாகமா? வலியா? என்னைத் தேடியா? பச்சைச் சேலைக்காரி கடுகுக் காட்டில் தென்படும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மகளே, அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு" என்று இந்தியில் கத்துவார். அவள் நின்று, கை கூப்பி, போய்விடுவாள்.

பங்குனி பிறந்ததும் அவர் அர்த்தநாரியைக் கூப்பிட்டு, வண்டியை ஜீப்பில் கோக்கச் சொன்னார்.

தெரு திரண்டுவிட்டது. "அண்ணா, நகத்துனா ஜன்னல் என்னாகும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் சௌடம்மாள். "அக்கா கடைசியாப் பாத்த எடமுங்க அது. இருக்கட்டுமே." சம்பூர்ணம் ஜீப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

செங்கோடன் அவள் பக்கத்தில் போய்க் குத்தவைத்தார். "ஒரு கேள்வி கேக்கோணும் சம்பூர்ணம். இங்கிருந்து கத்துனா பதில் வரமாட்டேங்குது. நானே போய்த்தான் கேக்கோணும். ரெண்டு தடவை இல்லாமப் போயிட்டேன்."

சம்பூர்ணம் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு ஓரமாகப் போனாள்.

முட்டுக்கல்லை எடுத்தார்கள். சக்கரம் ஒரு முழம் உருண்டதும், உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த அர்த்தநாரி சொன்னார், காய்ந்த கடுகுக் காடு கண் இமைப்பதற்குள் இல்லாமல் போய், பரிமளத்தின் தென்னையும் கொடியும் வந்துவிட்டன என்று. பரிமளம் ஓடிப் போய்த் துணிகளை அவசர அவசரமாக உருவினாள், அவற்றால்தான் எல்லாம் மறைந்துபோனது போல. வண்டி தார் ரோடு ஏறுகிற வரைக்கும் எல்லாரும் பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

ஒன்பது நாள் செங்கோடன் ஓட்டினார். திட்டத்தில் இருந்த எந்த இடத்திலும் நிற்கவில்லை. வேகத்தடை வருகிற இடத்தில் மட்டும், பின்னால் கட்டில் காலியாக இருந்தும், பிரேக்கை மிதித்து மிதித்து, எறும்பு ஊர்கிற மாதிரி ஏற்றி இறக்கினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

ரயில்வே கேட்டுக்கு முன்னால் அவர் ஜீப்பை நிறுத்தியபோது அறுவடை முடிந்திருந்தது. மைல் கணக்கில் அறுத்த செடியின் வெறும் அடித்தட்டை. ரோட்டை ஒட்டி ஒரே ஓரிடத்தில், ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு, கடுகு அறுக்கப்படாமல் காய்ந்து நின்றது. அவர் இறங்கி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பச்சைச் சேலைக்காரி வந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் ராம்கலி என்றாள். அவரைப் பார்க்கவில்லை, முதலில் கேரவனிடம் போய், ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வருவீர்கள் என்று தெரியும் பாபுஜி" என்றாள். "நீங்கள் கத்தியது கேட்டது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால்தான் சொல்லவில்லை."

வரப்பில் உட்கார்ந்தார்கள். குழந்தை அவள் மடியிலிருந்து இறங்கித் தத்தித் தத்தி நடந்தது.

"அன்றைக்கு அம்மாஜி என்னைக் கூப்பிட்டார். பாஷை புரியவில்லை, கை புரிந்தது. என் குழந்தையைத் தரச் சொல்லிக் கேட்டார். கம்பிக்குள் இவளைக் கொடுக்க முடியாது. அதனால் பக்கத்தில் வந்து, இவள் காலை அவர் கையில் வைத்தேன். பாதத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். இவளுக்குக் கூச்சம், உதைத்தாள். அம்மாஜி சிரித்தார். இவள் கையில் கசக்கி வைத்திருந்த பூவை அவர் விரலில் தேய்த்தாள். ஏதோ பாடினார், மெதுவாக. பாட்டு நின்றது. கை கனத்தது. நான் விடவில்லை. உங்கள் காலடி கேட்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு உங்கள் வீட்டு விஷயம் என்று தள்ளி நின்றேன்."

செங்கோடன், "தனியா இல்லையா அவ?" என்றார், தமிழில்.

அவளுக்கு எப்படியோ புரிந்தது. "நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்" என்றாள்.

அப்போது அவர், தனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், முறிந்த அச்சைப் பற்றியும், நாலு நாளைப் பற்றியும், தேன்மொழியைப் பற்றியும், அந்தப் பூவைத் தான் எவ்வளவு ஆசையாகப் பார்த்தார் என்பதையும், பாடியதைக்கூட மறைக்காமல், ஒன்று விடாமல் அவளிடம் சொன்னார். ராம்கலி கடைசி வரை கேட்டாள். மன்னிப்பு என்றோ விதி என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அந்த இடத்தை ஏன் அறுக்கல?" என்று கேட்டார் அவர்.

"ஜன்னல் நின்ற இடம். எங்கள் ஆட்கள் யாருக்கும் கை வரவில்லை. வீட்டுக்காரர் வந்து அறுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்."

அவள் குடிசைக்குப் போய்ப் பன்னரிவாள் கொண்டுவந்து கொடுத்தாள். கடுகு அறுத்துப் பழக்கமில்லாதவர், தட்டையை மேலே பிடித்தார். காய் வெடித்து விதை சிதறியது. அப்படி இல்லை, அடியில் பிடியுங்கள் என்று அவள் காட்டினாள். அவர் முழங்காலிட்டு, அடியில் பிடித்து, ஒவ்வொரு கைப்பிடியாக அறுத்து அடுக்கிக்கொண்டே போனார். பாதி அறுத்த பிறகு அழுகை வந்தது. அரிவாளைக் கீழே வைக்காமலேயே அழுதார். குழந்தை வந்து அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது விழுந்துவிடாதபடி அசையாமல் இருந்து, அது பிடியை விட்ட பிறகு மிச்சத்தையும் அறுத்தார்.